லாயம் பார்க்க வந்தவர்கள்

போன மாதம் உங்கள் குதிரைப் பண்ணையைப் பார்க்க என்னைக் காரில் அழைத்துப் போனீர்கள். நல்ல பிள்ளைகள். நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தீர்கள், ஒரு மூலை விடாமல் சுற்றிக் காட்டினீர்கள். தரையெல்லாம் டைல்ஸ், குதிரைக்கு ஒரு ஃபேன், வாசலில் என் உயரத்துக்கு ஒரு போர்டு. எல்லாம் காட்டிவிட்டு, "பாக்க வர்றவங்க எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போறாங்கம்மா, ஆனா குதிரையை மட்டும் கொண்டுவந்து விடமாட்டேங்கறாங்க. அவங்க அப்படி என்னதான் பாக்கறாங்க?" என்று கேட்டீர்கள்.

இளநீர் குடித்த வாயால் திட்டக் கூடாது என்று அன்றைக்குப் பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரை ஒட்டிய ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, நானும் என் வீட்டுக்காரரும் அடுத்தவர் குதிரைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் லாயம் ஒன்றை ஆரம்பித்தோம். சந்து வீட்டில் இடமில்லாதவர், வெளியூர் போகிறவர், குதிரைக்கு ஓய்வு கொடுக்க நினைக்கிறவர், இப்படிப்பட்டவர்கள் கொண்டுவந்து விடுவார்கள். ஊரில் அதற்கு வைத்த பெயர் 'குதிரை லாட்ஜ்'. "இன்னா பவுனு, உன் லாட்ஜில ரூம் காலியா கீதா?" என்று கேட்காத வாய் இல்லை. "கீது, நாலு காலுல நடந்து வந்தா உனக்கும் தர்றேன்" என்பேன்.

என் வீட்டுக்காரர் மெட்ராஸில் பெரிய மனிதர்களின் லாயங்களில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். குதிரை ஒன்று உதைத்து முழங்கால் போனதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். நானோ நாற்று நடப் போகிற வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன் நான் பார்த்த ஒரே குதிரை அய்யனார் கோயில் மண்குதிரைதான். அதுவும் பயந்து பயந்து. நிஜக் குதிரையை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் குதிரைக்குச் சொந்தக்காரர்களை நானாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் அவருக்கு மனிதர்களோடு பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

லாயம் பார்க்க முதலில் வந்தவர் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பாய். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீடுகளில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு அவருடைய வெள்ளைக் குதிரை மோத்திதான் வர வேண்டும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அது சந்தில் கட்டிக் கிடந்து வாடுகிறதே என்று இடம் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் புதிதாக வேய்ந்திருந்த கூரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டீ கொடுத்தேன், வேண்டாம் என்றார். நேரே தீவனத் தொட்டிக்குப் போய், அதன் மூலையில் விரலை விட்டுச் சுரண்டி, மோந்து பார்த்தார். பழைய கொள்ளு ஒட்டிப் புளித்திருக்கிறதா என்று சோதனை! அப்புறம் என்னைப் பார்த்து, "நீ அந்தக் கெயவன்கிட்ட போம்மா" என்றார். கெழவன் என்று அவர் சொன்னது எங்களிடம் இருந்த, வண்டி இழுத்து ஓய்ந்த கிழட்டுக் குதிரையை. நான் போனேன். அது காதை முன்னால் நீட்டி, என் தோளில் மூக்கைத் தேய்த்தது.

பாய் சிரித்தார். "நான் வூட்ட பாக்க வர்ல தங்கச்சி. உன்னக் கண்டா குதிர இன்னா பண்ணுதுன்னு பாக்க வந்தேன்" என்றார். மறுநாளே மோத்தியைக் கொண்டுவந்து விட்டார்.

இதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது. மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. அதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். பாய் ஒருவரைத் திருப்திப்படுத்தியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தொழிலில் இனிமேல் எனக்குத் தெரியாதது எது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மாசி மாதம் லாயத்தில் ஆறு இடம், ஆனால் மோத்தியும் கெழவனுமாக இரண்டே குதிரை. தோப்புக்காரர் வந்து, "பங்குனி கடைசி வரைக்கும் பாக்கறேன், அப்புறம் நான் வேற ஆளுக்கு வுட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் மெட்ராஸில் பழைய எஜமானர் லாயத்துக்குக் காவல் வேலை கேட்டு ஆள் விட்டிருந்தார். அவர் மட்டும் அங்கே போவது, நான் மறுபடி கழனிக்குப் போவது என்று பேச்சு. அவர் இல்லாமல் அந்த ஊரில் தனியாக இருக்க எனக்கு மனசே இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாவின் கடிதம் வந்தது. அவரிடம் ஐந்து குதிரை. வைத்திருந்த இடத்தைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன, கிராமத்துப் பக்கம் நல்ல லாயமாகத் தேடுகிறேன், வேறொரு ஊரில் பெரிய லாயம் ஒன்று பார்த்துவிட்டேன், உங்களுடையதையும் பார்த்துவிட்டு முடிவு செய்வேன், வெள்ளிக்கிழமை காலை வருகிறேன் என்று எழுதியிருந்தார். ஐந்து குதிரை வந்தால் தோப்பு நிலைக்கும், அவர் மெட்ராஸ் போக வேண்டாம். கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

உடனே சுண்ணாம்பு வாங்கி வந்து அடிக்க ஆரம்பித்தேன். "சுண்ணாம்புல குதிரைக்கு இன்னாமே வேலை?" என்றார் என் வீட்டுக்காரர். "நீ கம்முனு கெடய்யா. வர்றது மெட்ராஸ்காரங்க" என்றேன். சுவர், தூண், தொட்டி எல்லாம் வெள்ளை வெளேர். கெழவன் வாலில்கூட ஒரு தீற்றல். மெழுகிக் கோலம் போட்டேன். பாய் தொட்டி மூலையை மோந்து பார்த்ததை நேரில் கண்டவள்தானே நான்? எல்லாம் மறந்துவிட்டது.

அதோடு விட்டேனா? வியாழக்கிழமை பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கினார்கள். எங்கள் பக்கம் அதை மல்லாட்டை என்போம். மல்லாட்டைக் கொடி என்றால் குதிரைக்கு உயிர். ஆனால் பிடுங்கினதும் போட மாட்டோம். வேரில் மணல் அப்பிக்கொண்டிருக்கும். மூன்று நாள் காயப்போட்டு, தட்டி, உதறி, வேரை நறுக்கிவிட்டுத்தான் போடுவோம். எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். காய்ந்தால் கொடி கறுத்துச் சுருண்டுவிடும். வெள்ளைத் தொட்டியில் பச்சைக் கொடி குவிந்து கிடந்தால் கல்யாணப் பந்தல் மாதிரி இருக்குமே என்று எனக்கு ஒரு ஆசை. ஒரு சுமை தூக்கி வந்து, கையால் இரண்டு உதறு உதறி, சாயங்காலமே தொட்டி நிறையக் குவித்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் லாடம் வாங்கப் போயிருந்தார். கெழவன் மோந்துவிட்டுப் பாதிக்கு மேல் ஒதுக்கியது. அது அனுபவசாலி. மோத்தி ஒரு இலை பாக்கி வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் கோலப்பொடியோடு வெளியே வந்தால், மோத்தி முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. கீழே ஒரு துளி லத்தி இல்லை. குதிரை வைத்திருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டுக்கு வயிறு கட்டினால் வலி, குதிரைக்கு வயிறு கட்டினால் உயிரே போகும்.

"பவுனு, வவுறு கட்டிக்கிச்சு. இன்னா போட்ட?" என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்னேன். தொட்டியில் ஒட்டிக் கிடந்த ஒரு வேரை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். ஒரு சிட்டிகை மணல் விழுந்தது. என் முகத்தைப் பார்த்தார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"கயித்த எடு, படுக்க வுடாம நான் நடத்திக்கினு கீறேன். நீ டாக்டர இட்டா. அப்டியே பாய்க்கு ஆள் வுடு" என்றார்.

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் ஆறேழு மைல் தள்ளி ஒரு கிராமத்துக்கு மாட்டு முகாமுக்குப் போய்விட்டார், மத்தியானம்தான் வருவார் என்றார் கம்பவுண்டர். அங்கே போக எனக்கு வண்டி ஏது? திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ் புறப்பட நின்றது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் அவசரச் செய்தியெல்லாம் கண்டக்டர் வாயில்தான் போகும். ஒரு வார்த்தை சொன்னால் பாய் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவார்.

நான் பஸ் பக்கத்தில் போய் நின்றேன். நின்று யோசித்தேன். பாய் வந்தால் கத்துவார். சரியாக அந்த மெட்ராஸ் அம்மா இருக்கும்போது வந்து கத்துவார். ஐந்து குதிரை போச்சு, தோப்பு போச்சு. மத்தியானம் டாக்டர் வந்து மோத்தி சரியாகிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர், "இன்னாக்கா, ஏறுறியா?" என்றார். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கினேன். பஸ் போய்விட்டது.

என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அந்த பஸ்ஸைப் போகவிட்டவள் நான்தான்.

தோப்புக்கு வந்து, "மோத்திய கெணத்தாண்ட இட்டுக்கினு போ. அந்தம்மா போற வரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்றேன். என் வீட்டுக்காரர் தயங்கினார். "பாய்க்குச் சொல்ட்டியா?" "அப்புறம் சொல்லிக்கலாம்யா." அவர் பெருமூச்சு விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஒன்பது மணிக்கு கார் வந்தது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. கைத்தறிப் புடவை, சாதாரணச் செருப்பு, மேனியில் ஒரு பகட்டு இல்லை. நான் வெள்ளைச் சுவரைக் காட்டினேன். "ம்" என்றார். கோலத்தைத் தாண்டினார். "தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க?" என்று கேட்டார். "கெணறு, அதோ..." என்று கையை நீட்டியவள், சட்டென்று மடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன். "மொதல்ல வைக்கோல் போர பாருங்கம்மா." அவர் என்னையும் கிணற்றுப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தார். நான் வாய் ஓயாமல் பேசினேன். எங்கள் தோப்புக் காற்று, மா நிழல், வெயிலே அடிக்காது, ஈயே வராது... இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இங்கே மழையும் கேட்டுக்கொண்டுதான் பெய்யும் என்று சொல்லியிருப்பேன்.

அப்போது கிணற்றுப் பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம். மோத்தி விழுந்து புரள்கிற சத்தம். வயிறு கட்டின குதிரை புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். "பவுனூ! பவுனூ, வாமே!" என்று என் வீட்டுக்காரர் அலறினார்.

அதற்கு மேல் ஐந்து குதிரையும் எனக்கு நினைவில் இல்லை. அந்த அம்மாவைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடினேன். மோத்தி கால்களை உதைத்துப் புரண்டுகொண்டிருந்தது. வெள்ளை உடம்பெல்லாம் சேறு. அவர் முழங்காலை மடக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தபடி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கழுத்துப் பக்கம் பிடித்து, "எயுந்திரு கண்ணு, எயுந்திரு, எயுந்திரு" என்று அழுதுகொண்டே தூக்கினேன். எப்படித்தான் எழுந்ததோ, எழுந்துவிட்டது.

திரும்பினால் அந்த அம்மா பின்னால் நிற்கிறார்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

"காலைல இருந்தும்மா. என் தப்புதான். நீங்க வர்றீங்களேன்னு, பாக்க அயகா இருக்கும்னு, பச்ச மல்லாட்டைக் கொடிய மண்ணோட போட்டுட்டேன்."

"டாக்டர்?"

"முகாமுக்குப் போய்க்கிறாரு."

"குதிரைக்குச் சொந்தக்காரங்களுக்குத் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்தேன். "தெரியாதும்மா. சொல்லி அனுப்ப பஸ் நின்னுச்சு. நீங்க வர்ற நேரம்னு வுட்டுட்டேன்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எந்த ஊர் முகாம் என்று கேட்டார். சொன்னேன். விறுவிறுவென்று நடந்து காரில் ஏறினார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

"போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "போவட்டும்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது எனக்கு. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லைத் தூக்கிப் போட்டாற்போல இருந்தது. இனி யாரிடம் எதை மறைக்க வேண்டும்? நேரே ரோட்டுக்கு ஓடி, அடுத்த காஞ்சிபுரம் பஸ்ஸைக் கையை விரித்துக்கொண்டு மறித்தேன். டிரைவர் திட்டினார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, குதிரைக்கார பாய் வூடு தெரியுமில்ல? மோத்திக்கு வவுறு கட்டிக்கிச்சு, பொயைக்குமா தெரியல, பவுனு மண்ணோட கொடிய போட்டுட்டா, அவ தப்புதான், ஒடனே வரச்சொன்னான்னு சொல்லு."

"அத்தெல்லாம் இன்னாத்துக்கும்மா? ஒடம்பு சரியில்ல, வந்து பாருன்னா போதாதா?"

"போதாது. நான் சொன்னத அப்டியே சொல்லு."

"சரிம்மா, உன் தலையெயுத்து" என்று விசில் ஊதினார்.

நான் திரும்பி வந்து கயிற்றை வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரம் இருக்கும். புழுதி கிளம்பியது. அதே கார். முன் சீட்டில் மடியில் மருந்துப் பெட்டியோடு மாட்டு டாக்டர்! பாதி ஊசி போட்ட மாட்டை விட்டுவிட்டு வந்தாராம். அந்த அம்மா அவரை நிற்கவிடவில்லையாம். டாக்டர் ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். "இனிமே நம்ம கையில இல்ல. நடத்துங்க, பாப்போம்" என்று மரத்தடியில் உட்கார்ந்தார்.

நடத்தினோம். நான் ஒரு சுற்று, என் வீட்டுக்காரர் ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் கயிற்றை யாரோ என் கையிலிருந்து வாங்கினார்கள். பார்த்தால் அந்த அம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மோத்தியிடம் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டே நடந்தார். காஞ்சிபுரத்துக் குதிரைக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? ஆனாலும் காதைத் திருப்பிக் கேட்டது.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. யாரும் நாஷ்டாகூடத் தின்னவில்லை. மோத்தி நின்றது. வாலைத் தூக்கியது. பொத்து பொத்தென்று விழுந்தது பாருங்கள் லத்தி, மணலும் எண்ணெயுமாக!

"போட்டுச்சு! லத்தி போட்டுச்சுடோய்!" என்று என் வீட்டுக்காரர் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தன. மனிதரோடு பேச நாக்கு வராது என்று சொன்னேனே, அந்த மனிதர்தான். இரண்டு கையாலும் அள்ளி டாக்டரிடம் ஓடினார். டாக்டர் கிளறிப் பார்த்து, "பொழச்சுது" என்றார். நான் மோத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்த அம்மா சேற்றுக் காலோடு நின்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாய் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார். தொப்பி கையில், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"பாய், என் தப்பு."

"தெரியும்! பஸ்ஸுல வந்த கண்டக்டரு தெருவுல நின்னு கத்திட்டுப் போனான்!" என்று என்னைத் தள்ளிக்கொண்டு மோத்தியிடம் போனார். அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். லத்தியைப் பார்த்தார். பொழைத்துவிட்டது என்று அவருக்கே நிச்சயமானதும் என் பக்கம் திரும்பினார். அப்பா! வாங்கினேன் பாருங்கள்! "உனக்கு அறிவு கீதா? மாடு மேய்க்கறவளுக்குத் தெரியுறது உனக்குத் தெரியாதா? வர புதன்கெயமை முகூர்த்தம், இப்ப நான் எங்க போறது? பேஜார் பண்ணிட்டியே தங்கச்சி!" ஊர் எல்லைவரை கேட்டிருக்கும். நான் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன்.

கத்தி முடித்து அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மரத்தடியில் நின்ற மெட்ராஸ் அம்மா பக்கத்தில் வந்தார். "நான் என் குதிரைங்களை இங்க விடலாமான்னு பாக்க வந்தேன். நீங்க சொல்லுங்க. இவ்வளவு நடந்த பிறகு உங்க குதிரையை இனிமே இங்க விடுவீங்களா?" என்று கேட்டார்.

பாய் சொம்பைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? இருவது வருஷமா குதிர வச்சிக்கினு கீறேன். எத்தினியோ எடத்துல வுட்டுக்கிறேன். என் குதிரைக்கு ஒடம்பு சரியில்லன்னு எவனும் சொல்லி அனுப்பினதில்ல. செத்தப்புறம்தான் சொல்லி அனுப்புவானுங்க. அதுவும் நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு பாய்னு. இவ அது உசுரோட கீறப்பவே சொல்லி அனுப்பினா, நான்தான் பண்ணேன்னும் சொல்லி அனுப்பினா. இவள வுட்டுட்டு நான் வேற எங்க போவேன்?" என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "அதுக்குன்னு மறுபடி கொடி போட்ட, கொன்னுடுவேன்!" என்றார்.

"நான் மொதல்ல ஒரு பஸ்ஸ வுட்டுட்டேன், பாய்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா என்று என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். பாய் கையை ஆட்டி, "ரெண்டாவதுல அனுப்பின இல்ல, வுடு" என்றார். புதன்கிழமைக்கு வாலாஜாவிலிருந்து மச்சான் குதிரையைக் கொண்டுவந்து ஒப்பேற்றிக்கொண்டார்.

மெட்ராஸ் அம்மா அன்றைக்கு ஒரு முடிவும் சொல்லவில்லை. டாக்டரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் சத்தமில்லை. அந்தப் பத்து நாளும் நான் தினம் போஸ்ட்மேன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்லி மாளாது. பதினோராம் நாள் கடிதம் வரவில்லை, லாரியே வந்துவிட்டது. பின்பக்கப் பலகையை இறக்கினார்கள். கறுப்பு, சிவப்பு, செம்பட்டை என்று ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தபோது, என்னைக் கேலி செய்த ஊர் ஜனமெல்லாம் வேலிக்கு வெளியே நின்று வாயைப் பிளந்தது. "லாட்ஜு ஃபுல்லாயிடுச்சும்மா!" என்று எவனோ கத்தினான். "ஆமாண்டா, போர்டு மாட்டு!" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன்.

அந்த அம்மா கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்து, ஒரு காகிதத்தில் அவர் வீட்டு டெலிபோன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "அந்தப் பெரிய லாயத்துல இதுவரைக்கும் ஒரு குதிரைக்கும் ஒண்ணும் ஆனதில்லைன்னு சொன்னாங்க. நான் குதிரையோடயே வளந்தவ. அதைக் கேட்டதுமே கிளம்பிட்டேன். உங்ககிட்ட எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். கெட்ட சேதின்னா எந்த நேரமானாலும் ட்ரங்க்கால் போடுங்க. நல்ல சேதிக்கு போஸ்ட்கார்டு போதும்" என்றார்.

பதினோரு வருஷம் அவர் குதிரைகள் எங்களிடம் இருந்தன. தோப்பும் நிலைத்தது, என் வீட்டுக்காரரும் மெட்ராஸ் பக்கம் போகவில்லை. ஆறு இடம் பத்து இடமானது. ட்ரங்க்கால் மொத்தம் நான்கு தடவை போட்டேன். அதில் ஒன்று சாவுச் சேதி. அந்தச் செம்பட்டைக் குதிரை. அதையும் அவர் என் வாயால்தான் கேட்டார். பிறகு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அடுத்த மாதம் அந்த இடத்துக்கு ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டார்.

ஆகவே பிள்ளைகளே, ஃபேன் ஓடட்டும், டைல்ஸ் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. லாயம் பார்க்க வருகிறவர் சுவரையா பார்க்கிறார்? தன் குதிரை கீழே விழுந்த நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று உங்கள் முகத்தில் தேடிக்கொண்டிருக்கிறார். "எங்களிடம் ஒரு குதிரைக்கும் ஒன்றும் ஆனதில்லை" என்று உங்கள் போர்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, முதலில் அதை இறக்குங்கள்.

கார்டு நான் எத்தனை போட்டேன் என்று கணக்கில்லை. வாரம் ஒன்று. எங்கள் ஊரில் கார்டும் போஸ்டாபீஸில்தான், டெலிபோனும் அங்கேதான். நான் போஸ்டாபீஸ் படியேறினாலே வரிசையில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். போஸ்ட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்னம்மா, ட்ரங்க்காலா, கார்டா?" என்று கேட்பார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கார்டுதான் சார்!" என்பேன்.